வெனிஸ் கடற்கரையில் கிடைத்த கருப்புத் துண்டுகள்: திருக்கை முள்தானா?

சல்லடைக்காரன் (கேள்வி):

ஃப்ளோரிடாவில் வெனிஸ் ஊருக்குத் தெற்கே இருக்கும் கேஸ்பர்சன் கடற்கரையில், சுறாப் பல் சலிக்கும்போது கூடவே வந்த ஐந்து துண்டுகள் இவை. எல்லாமே அலையில் உருண்டு தேய்ந்தவை. முழு முள்ளாக இருந்தால் ரம்பம் போன்ற பற்களைப் பார்த்தே சொல்லிவிடலாம். இப்படி மொட்டையாகிப் போனதை எதை வைத்துத் தீர்மானிப்பது? அளவுகள் காலிப்பரில் எடுத்தவை:

அ) 31 மி.மீ. நீளம், 6 மி.மீ. அகலம், 2.5 மி.மீ. தடிமன். கருப்பு. தட்டை. ஒரு முகத்தில் நீளவாக்கில் இரண்டு கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. ஓரங்கள் லேசாக நெளிநெளியாக இருக்கின்றன.

ஆ) 22 × 6 × 5 மி.மீ. கரும்பழுப்பு. ஒரு முகம் வழவழப்பு, மறுமுகம் முழுக்கக் கோடு கோடாக இருக்கிறது.

இ) 27 மி.மீ. நீளம், 4 மி.மீ. விட்டம். குச்சி போன்றது. ஒரே ஓரத்தில் சிறு பற்கள். உடைந்த முனையில் நடுவே ஓட்டை.

ஈ) 18 × 7 × 4 மி.மீ. சாம்பல் நிறம். இரு முனையும் மழுங்கியது. கோடு எதுவும் தெரியவில்லை.

உ) 40 மி.மீ. நீளம், தந்த நிறம், எடையே இல்லாதது போல் இருக்கிறது. பற்கள் கூர்மையாகவே உள்ளன.

எந்த இனம், எத்தனை ஆண்டுப் பழையது என்பதும் தெரிந்தால் நல்லது.

படிவப்பித்தன்:

பற்களை மறந்துவிடுங்கள். உருளும்போது முதலில் போவது அவைதான். கடைசிவரை தாக்குப்பிடிப்பது குறுக்குவெட்டின் வடிவமும் உள்ளமைப்பும். அதனால் ஓரத்தைப் பார்ப்பதற்கு முன் உடைந்த முனையைப் பாருங்கள்.

திருக்கை முள் எலும்பு அல்ல. தோலில் இருக்கும் செதிலே நீண்டு முள்ளாக மாறியது. பல்லுக்கு உறவான பொருள். உள்ளே டென்டின் (பல்லின் உட்பொருள்), மேலே எனாமல் போன்ற மெல்லிய கடினப் படலம். வால் மீது படுத்திருப்பதால் மேல்முகம், கீழ்முகம் என்ற வேறுபாடு உண்டு. மேல்முகம் லேசாகக் குவிந்து, நீளவாக்கில் நுண்ணிய வரிகளோடு இருக்கும். கீழ்முகத்தில் நடுவே ஒரு மேடு, அதன் இருபுறமும் ஒவ்வொரு பள்ளம். நச்சுத் திசு உயிரோடிருக்கும்போது அந்தப் பள்ளங்களில்தான் படிந்திருக்கும். இந்த மேடும் இரு பள்ளங்களும்தான் உங்களுக்கு வேண்டிய முத்திரை. பள்ளம் குழிவாக இருப்பதால் மணல் அதை எளிதில் தேய்ப்பதில்லை. ஓரப் பற்கள் முற்றிலும் போன பிறகும் இரண்டு மங்கலான கோடுகளாக அது மிஞ்சும். 'அ' துண்டில் நீங்கள் பார்ப்பது அதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உறுதிப்படுத்த இப்படிச் செய்யுங்கள். துண்டை நல்ல தண்ணீரில் அலசி, முழுக்கக் காயவிடுங்கள். ஈரமாக இருந்தால் பளபளப்பு பள்ளத்தை மறைத்துவிடும், பலரும் இதில்தான் கோட்டைவிடுகிறார்கள். இருட்டான அறையில் சின்ன டார்ச்சை மேசையோடு ஒட்டினாற்போல் தாழ வைத்து, வெளிச்சம் துண்டின் குறுக்கே படும்படி செய்யுங்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். பள்ளம் இருந்தால் ஒரு பக்கம் நிழல் விழும். சந்தேகமாக இருந்தால் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணில் இரு முகத்தையும் அழுத்தி எடுங்கள். கருப்புப் பொருளில் தெரியாத மேடுபள்ளம் வெளிர்நிற அச்சில் தெளிவாகத் தெரியும்.

அடுத்து உடைந்த முனை. திருக்கை முள் என்றால் நடுவில் ஒரே பெரிய ஓட்டை இருக்காது. நீளவாக்கில் ஓடும் நுண்குழல்களின் வாய்கள் பொடிப்பொடிப் புள்ளிகளாகத் தெரியும். வெட்டின் வடிவம் இடம் வலம் ஒத்திருக்க வேண்டும். பாலூட்டி எலும்புச் சில்லிலும் துளைகள் இருக்கும், ஆனால் இந்தச் சமச்சீர் இருக்காது.

மூன்றாவது, ஓரம். பற்கள் போனாலும் அவற்றின் அடிப்பகுதி சீரான இடைவெளியில் சிறு நெளிவுகளாக எஞ்சும். நகத்தை ஓரத்தில் மெதுவாக ஓட்டுங்கள். பற்கள் எப்போதும் அடிப்பக்கம் நோக்கிச் சாய்ந்தவை. அதனால் முனையிலிருந்து அடிக்கு ஓட்டினால் வழுக்கும், அடியிலிருந்து முனைக்கு ஓட்டினால் தட்டும். குத்தும்போது சுலபமாக உள்ளே போய், இழுக்கும்போது சதையைக் கிழிப்பதற்குக் காரணமும் இதுதான். இரண்டு ஓரத்திலும் ஒரே திசையில் தட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு ஓரத்தில் மட்டும் தட்டினால் அது திருக்கையாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

வேளாக்கொம்பு:

'இ' கெளுத்தி முள். ஒரு ஓரத்தில் மட்டும் பல், வட்டத்துக்கு நெருங்கிய வெட்டு, நடுவில் ஓட்டை: மூன்றும் சேர்ந்தால் வேறு எதுவும் யோசிக்க வேண்டாம். ஃப்ளோரிடாக் கரையில் கடல் கெளுத்தி ஏராளம். மார்புத் துடுப்பு முள்ளின் அடிப்பகுதி கிடைத்தால் இன்னும் எளிது, பூட்டுப் போல் கோணலான குமிழ் ஒன்று இருக்கும். திருக்கை முள்ளின் அடியில் மூட்டே கிடையாது. தோலுக்குள் புதைந்திருந்த இடம் வெறும் சொரசொரப்பாக முடியும்.

'ஆ' திருக்கையினுடையதுதான், ஆனால் முள் இல்லை, பல். கோடுகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்று நீங்கள் சொல்லவில்லை. 22 மி.மீ. நீளத்துக்குக் குறுக்கே, சீப்புப் பல் மாதிரி வரிசையாக ஓடினால் அது கழுகுத் திருக்கை வகையின் அரைப்பல் பட்டை. கோடுள்ள முகம் வேர், வழவழப்பான முகம் கிளிஞ்சலை நொறுக்கிய மேற்பரப்பு. முள்ளில் கோடு நீளவாக்கில் மட்டுமே ஓடும். தேய்ந்த திருக்கைப் பல்லை முள் என்று சீட்டு ஒட்டி வைத்திருப்பது சேகரிப்பவர்களிடம் சகஜம்.

பல் என்றால் ஒரு நன்மை, பேரினம் வரை போக முடியும். ஏட்டோபேட்டஸ் பேரினம் என்றால் தாடையில் ஒரே வரிசைதான், அதனால் பட்டையின் இரு நுனிகளும் பக்கத்துப் பல்லோடு பொருந்தத் தேவையில்லாமல் ஒடுங்கி முடியும். மேல்தாடைப் பல் ஏறக்குறைய நேர், கீழ்தாடைப் பல் அம்புமுனைபோல் வளைந்தது. மைலியோபேட்டிஸ், ரைனோப்டெரா (பசுமூக்குத் திருக்கை) ஆகிய பேரினங்கள் இரண்டிலும் பல வரிசைகள். நுனியில் பக்கத்துப் பல் ஒட்டியிருந்த சாய்வான முகப்புகள் தெரியும். நுனி தேய்ந்திருந்தால் வாதத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

இந்தக் கடற்கரையில் திருக்கை முள்ளாகத் தோன்றக்கூடிய இன்னும் சில பொருட்கள்:

வேளா மீனின் கொம்புப் பல், அதாவது ரம்பம் போல் நீண்ட அதன் மூக்கின் பக்கப் பல். தட்டை, நீளம், அதனால் ஏமாற்றும். ஓரத்தில் பல்லே இருக்காது; பின்விளிம்பில் மட்டும் ஒரு பள்ளம் ஓடும், அடிப்பக்கத்தில் வளர்ச்சி வரிகளும் தெரியலாம்.

மயில் மீன் வகைகளின் அலகுத் துண்டு. உருண்டையான வெட்டு, உள்ளே நீளவாக்கில் குழாய்கள். தட்டை இல்லை என்பதே போதும்.

கடல் முள்ளெலியின் முள். கால்சைட் என்பதால் உடைந்த முகம் சாய்வாக, படிகம் போல் மின்னும். பாஸ்பேட் ஆன புதைபடிவம் (நாங்கள் சுருக்கமாகப் படிவம் என்போம்) அப்படி மின்னாது.

முத்துக்குளி:

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. ஒப்பிட்டுப் பார்க்கக் கையில் ஒரு புது முள் இருந்தால் பாதி வேலை முடிஞ்சுது. எங்க ஊர்ல திருக்கை கரை ஏறினதும் முள்ளை ஒடிச்சு எறிஞ்சிட்டுத்தான் வாலைத் தொடுவாங்க. அங்கேயும் மீன்பிடி துறையில கேட்டா வாலோட கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. செத்த மீனின் முள்ளிலும் தோலும் வழுவழுப்பும் இருக்கிறவரை நஞ்சு வேலை செய்யும். கையுறை போட்டு, இடுக்கியில பிடிச்சு, மூடியுள்ள பாட்டில்ல தண்ணி ஊத்தி ஊற வையுங்க. தோல் அழுகிக் கழலும். தண்ணியை அடிக்கடி மாத்துங்க. பிளீச்சிங் பவுடர் கரைசல் வேண்டாம், முள் சுண்ணாம்பு மாதிரி பொடியும். குத்திட்டா, தாங்கக்கூடிய சூட்டுல, 45 டிகிரி செல்சியஸ் அளவுக்கு, வெந்நீர்ல 30 முதல் 90 நிமிஷம் வரைக்கும் முக்கி வைக்கணும். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், அதனால மருத்துவமனைக்கும் போயாகணும். நெஞ்சு, வயிறு, கழுத்துல குத்தியிருந்தா முள்ளைப் பிடுங்கவே கூடாது, அப்படியே கொண்டுபோகணும்.

காய்ஞ்ச முள்ளைத் திருப்பிப் பார்த்தா, கீழ்முகத்துல அழுக்கு தங்கின ரெண்டு கோடு தெரியும். படிவப்பித்தன் சொன்ன பள்ளம் அதுதான். அதைப் பார்த்த கண்ணோட 'அ' துண்டைப் பாருங்க.

உங்க 'உ' துண்டு எனக்கு இப்போதைய முள் மாதிரிதான் தெரியுது.

சல்லடைக்காரன்:

நன்றி. சொன்னபடி காயவைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். 'அ'வில் ஒரு முகத்தில் நடுமேடும் இருபுறமும் பள்ளமும் இருக்கின்றன. இரு ஓரத்திலும் நகம் ஒரே திசையில் தட்டுகிறது. முனையில் பொடித் துளைகள். 'ஆ'வில் கோடுகள் குறுக்கேதான் ஓடுகின்றன. நுனிகள் இரண்டும் தேய்ந்துவிட்டன. 'இ'யைப் பற்றி மறுபேச்சில்லை. 'ஈ'தான் ஒன்றும் பிடிபடவில்லை. 'உ' புதியதா பழையதா என்பதை நிறத்தை வைத்தே முடிவு செய்துவிடலாமா?

படிவப்பித்தன்:

நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு பக்கமும் தவறு நேரும். அந்தக் கடற்கரையில் கருப்பு வருவது பாஸ்பேட் படிவுகளிலிருந்து. ஆனால் காற்றுப் புகாத கருஞ்சேற்றில் கிடந்த இன்றைய எலும்பும் சீக்கிரமே கருக்கும். வெயிலில் கிடந்து வெளுத்த படிவமும் உண்டு.

அடர்த்தியை அளந்து பாருங்கள். 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும், 0.1 கிராம் தராசு இந்த அளவுத் துண்டுகளுக்குப் பயன்படாது. துண்டைக் காய்ந்த நிலையில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு மணி நேரமாவது தண்ணீரில் ஊறவிடுங்கள், ஒரு சொட்டு சோப்பு சேர்த்தால் துளைகளில் இருக்கும் காற்றுக்குமிழி வெளியேறும். தராசின் மேல் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்து, அளவைப் பூஜ்யமாக்குங்கள். துண்டை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படியும் அடியிலோ பக்கத்திலோ படாதபடியும் தொங்கவிடுங்கள். கையில் பிடித்தால் எண் ஆடிக்கொண்டே இருக்கும். இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு பென்சிலை வைத்து அதில் நூலைக் கட்டுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே துண்டின் கன அளவு, கன சென்டிமீட்டரில். காய்ந்த எடையை அதனால் வகுத்தால் அடர்த்தி.

புதிய முள் 2க்குப் பக்கத்தில் நிற்கும். பாஸ்பேட் ஏறிய படிவம் 2.5க்கு மேலே போகும். அந்தப் பாஸ்பேட் கனிமமான அபடைட் சுத்தமாக இருந்தாலே 3.1 முதல் 3.2தான், அதைத் தாண்டினால் நீங்கள் அளந்ததில் பிழை.

'உ'வுக்கு மட்டும் இன்னொரு சோதனை செய்யலாம். ஊசியின் நுனியைச் சிவக்கக் காய்ச்சி, உடைந்த முனையில் தொட்டால், புதியதாக இருந்தால் முடி கருகும் நாற்றம் வரும். அதிலிருக்கும் கொலாஜன் என்ற புரதம் எரிவது அது. நல்ல படிவத்தில் இதைச் செய்ய வேண்டாம், வடு நிற்கும். வினிகர், அமிலம் எதையும் ஊற்ற வேண்டாம், மேல்படலத்தை அரித்துவிடும். நமக்குத் தேவையான நுண்வரிகள் அதில்தான் இருக்கின்றன.

சல்லடைக்காரன்:

அளந்துவிட்டேன். 'அ' 0.86 கிராம், கன அளவு 0.31, அடர்த்தி 2.77. 'உ' 0.70 கிராம், 0.37, அடர்த்தி 1.89, ஊசி வைத்ததும் முடி கருகிய நாற்றம். 'ஈ' 0.90 கிராம், 0.34, அடர்த்தி 2.65. அப்படியானால் 'ஈ'யும் படிவம்தானே?

வேளாக்கொம்பு:

அவசரப்படாதீர்கள். 2.65 என்பது அப்படியே குவார்ட்ஸின் அடர்த்தி. அடர்த்தி சோதனை புதியதையும் படிவத்தையும் பிரிக்கும். படிவத்தையும் கல்லையும் பிரிக்காது. அதற்குக் கடினம்தான் வழி. 'ஈ'யின் ஒரு முனையால் பழைய கண்ணாடி பாட்டிலில் அழுத்திக் கீறுங்கள். கோடு விழுந்தால், அதைத் துடைத்துப் பாருங்கள். துடைத்தும் போகாத கீறல் என்றால் அது கல், பெரும்பாலும் சர்ட் (நுண்ணிய குவார்ட்ஸால் ஆன கல்). அபடைட்டின் கடினம் 5, கண்ணாடி 5.5 அளவு, குவார்ட்ஸ் 7. படிவத்தால் கண்ணாடியைக் கீற முடியாது, தேய்ந்த பொடிதான் கோடாக ஒட்டும். 'அ'வை வைத்துக் கீறிப் பார்க்க வேண்டாம், அதன் அடையாளம் ஏற்கெனவே உறுதி.

சல்லடைக்காரன்:

கீறல் விழுந்துவிட்டது, துடைத்தும் போகவில்லை. 'ஈ' கூழாங்கல். மற்றவற்றுக்குச் சீட்டில் என்ன எழுதுவது?

படிவப்பித்தன்:

'அ'வுக்கு: "மைலியோபேடிஃபார்மீஸ் வரிசை, இனம் தீர்மானிக்க இயலாதது, வால் முள், நடுத்துண்டு." இதற்குக் கீழே இறங்காதீர்கள். கொட்டும் திருக்கை, கழுகுத் திருக்கை, பசுமூக்குத் திருக்கை எல்லாவற்றுக்கும் முள் உண்டு. தேய்ந்த நடுத்துண்டை வைத்துப் பேரினம் சொல்கிறவர் ஊகிக்கிறார். இன்னொன்று, திருக்கை பழைய முள்ளை உதிர்த்துப் புதியது வளர்க்கும். ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேலும் இருக்கும். ஆகையால் முள்ளின் எண்ணிக்கையை வைத்து விலங்குகளின் எண்ணிக்கையைச் சொல்ல முடியாது.

'ஆ'வுக்குக் "கழுகுத் திருக்கை வகை, அரைப்பல்" என்பதோடு நிறுத்துங்கள்.

வயதும் அதே மாதிரிதான். கடலடிப் படிவுகளிலிருந்து பெயர்ந்து, உருண்டு, கலந்து வருபவை இவை. அதே மணலில் சுறாப் பல்லும் கிடைக்கிறது, பனியுகக் குதிரைப் பல்லும் கிடைக்கிறது. பக்கத்தில் கிடந்த பொருளை வைத்து வயது சொல்ல வழியில்லை. "மயோசீன் முதல் பிளைஸ்டோசீன் வரை, இடம்பெயர்ந்தது" என்று எழுதினால் போதும் (இரண்டும் புவியியல் காலப் பெயர்கள், பிந்தையதுதான் பனியுகம்). கிடைத்த கடற்கரை, நீர்மட்டத்துக்கு மேலா கீழா, தேதி ஆகிய மூன்றையும் சீட்டில் சேருங்கள்.

பராமரிப்புக்கு நல்ல தண்ணீரில் சில நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, நிழலில் உலர்த்துவது போதும். உப்பு உள்ளே நின்றால் உலரும்போது பூத்து மேல்படலத்தைப் பெயர்க்கும். உலர்ந்த பிறகு பொடிகிறது என்றால் மட்டும் அசிட்டோனில் 5 சதவீதம் கரைத்த பாராலாய்டு பி-72 என்ற பிசினைப் பூசலாம். 'அ' மாதிரி கெட்டியான கருப்புத் துண்டுக்கு அது தேவையில்லை.

வேளாக்கொம்பு:

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், பலர் இதில் கவனக்குறைவு. ஃப்ளோரிடாவில் அரசு நிலத்தில் முதுகெலும்பிப் படிவம் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். கெய்ன்ஸ்வில்லில் உள்ள ஃப்ளோரிடா இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அதைத் தருகிறது, ஆண்டுக்கு 5 டாலர். சுறாப் பல்லுக்கு விலக்கு உண்டு. கிளிஞ்சல், தாவரப் படிவங்களுக்கும் உண்டு. திருக்கை முள் அந்த விலக்கில் வராது. அலை ஏறும் கோட்டுக்குக் கீழே இருப்பது அரசு நிலம் என்பதால் 'அ', 'ஆ', 'இ' மூன்றுக்கும் அனுமதிச் சீட்டு இருந்தாக வேண்டும்.

முள்ளைப் பொறுத்தவரை கூடுதலாக ஒன்றையும் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியின் பழங்குடிகள் திருக்கை முள்ளை அம்பு முனையாகவும் துளையிடும் ஊசியாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள். வெனிஸுக்கு அருகே மனசோட்டா கீ கடலடியில் 7000 ஆண்டுப் பழைய புதைவிடம் இருப்பதை 2018இல் மாநில அரசு அறிவித்தது. ஆகவே அடிப்பக்கம் வெட்டிச் சீவியதுபோல் இருந்தால், துளை போட்டிருந்தால், ஒரு முனை மட்டும் தேய்த்துக் கூராக்கியதுபோல் பளபளத்தால், அது தொல்பொருளாக இருக்கலாம். புதைபடிவ அனுமதிச் சீட்டு அதற்குச் செல்லாது. எடுக்காமல் படம் பிடித்து, இடத்தைக் குறித்து, மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். அலையில் தேய்ந்தது என்றால் தேய்மானம் சுற்றிலும் ஒரே மாதிரி இருக்கும். மனிதக் கை பட்டது என்றால் ஓரிடத்தில் மட்டும் கோடுகள் ஒரே திசையில் போகும். 10 மடங்கு லென்ஸ் இதற்கும் உதவும்.

முத்துக்குளி:

சல்லடைக் கண் எவ்வளவு? முழு முள் கிடைக்கணும்னா அதுவும் ஒரு விஷயம். 6 மி.மீ. கண் என்றால் மெல்லிய முள் செங்குத்தா நழுவிப் போயிடும். 3 மி.மீ. வலையை உள்ளே இன்னொரு அடுக்கா கட்டுங்க. மணல் இறங்க நேரமாகும், கூடை கனக்கும், அதனால பாதிக் கூடைக்கு மேல அள்ளாதீங்க. குலுக்கினா முள் ஒடியும். தண்ணிக்குள்ள வைச்சு மெதுவா முன்னும் பின்னும் அசைச்சாலே மணல் போயிடும்.